சின்ன ஃபிளாட்டுக்கு பெயிண்ட் அடிக்க எத்தனை நாள் ஆகும்? ஒரு பாலக்காட்டு அனுபவம்

இரண்டு பெட்ரூம், ஹால், கிச்சன், எல்லாம் சேர்த்து எழுநூறு எண்ணூறு சதுர அடி. இப்படி ஒரு ஃபிளாட்டுக்கு பெயிண்ட் அடிக்க எத்தனை நாள் ஆகும் என்று நாலு பேரைக் கேட்டால் மூன்று நாளில் ஆரம்பித்து மூன்று வாரம் வரைக்கும் பதில் வருகிறது. அதில் யாரும் பொய் சொல்லவில்லை. காலி வீடு, சுவரில் குறையில்லை, பழைய நிறத்தின் மேலேயே அதே சாயலில் இரண்டு கோட்டு என்றால் கை பழகிய இரண்டு பேர் நாலைந்து நாளில் முடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஆள் குடியிருக்கிற வீடு, ஆங்காங்கே பட்டி (சுவரைச் சமமாக்கப் பூசுகிற மாவு) பார்க்க வேண்டும், கதவு, ஜன்னல், கிரில்லுக்கும் அடிக்க வேண்டும் என்றால் எட்டு முதல் பத்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுச் சுவருக்கும் பட்டி போட்டு, எங்காவது ஓதமும், அதாவது சுவருக்குள் ஈரக் கசிவும், இருந்துவிட்டால் இரண்டு வாரத்துக்குக் குறையாது, ஓதம் பிடித்த அந்த ஒரு சுவர் மட்டும் அதற்கப்புறமும் காத்திருக்கும்.

நாங்கள் இருப்பது பாலக்காட்டில், ஒலவக்கோடு பக்கம். வீட்டில் நான், கணவர், பையன், என் அம்மா. அம்மாவுக்கு இளைப்பு உண்டு, அதனால் தூசியும் பெயிண்ட் வாடையும் எங்களுக்கு சாதாரண விஷயம் இல்லை. பெயிண்டர் வேலந்தாவளத்துக்காரர், கூட அவருடைய அக்கா மகன். இந்த வேலையிலேயே தலை நரைத்தவர். அவர் வந்த முதல் நாள் கலர் எது என்றுகூடக் கேட்கவில்லை, ஒவ்வொரு அறையிலும் உள்ளங்கையைச் சுவரில் வைத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே போனார். ஹாலில் கை சுத்தமாக வந்தது. பின் பெட்ரூமில் வெள்ளையாக மாவு ஒட்டியது. "டீச்சரே, இந்த ரூம்ல டிஸ்டம்பர் அடிச்சு உட்டிருக்காங்க. இதுக்கு மேல எமல்ஷன் அடிச்சா ஒரு வருசத்துல தோலு மாதிரி உரிஞ்சு வரும், சுரண்டியே ஆகணுங்க" என்றார். டிஸ்டம்பர் என்பது சுண்ணப் பொடி சேர்ந்த மலிவுப் பூச்சு, எமல்ஷன் என்பது இப்போது சுவருக்கு அடிக்கிற, தண்ணீரில் கலக்கிற பெயிண்ட். அந்த ஒரு அறையைச் சுரண்டி, தண்ணீர் தொட்டுத் துடைத்து எடுக்கவே ஒரு முழு நாள் போயிற்று. வீடு கைமாறி வந்தது, முன்னால் இருந்தவர்கள் என்ன அடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே நாள் கணக்கு போடுவதற்கு முன்னால் நீங்களும் எல்லா அறையிலும் இப்படிக் கையை வைத்துத் தேய்த்துப் பாருங்கள், ஒரு நிமிஷ வேலை.

ரோலர் சுவரில் ஓடுகிற நேரம் ரொம்பக் கம்மி. தரைப் பரப்பை மூன்றரையால் பெருக்கினால் சுவரும் சீலிங்கும் சேர்ந்த பரப்பு ஏறக்குறைய வரும் என்று பெயிண்டர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எழுநூறு சதுர அடி என்றால் இரண்டாயிரத்து நானூறு, ஐந்நூறு. அதற்கு ஒரு கோட்டு எமல்ஷனை இரண்டு பேர் ஒன்றரை, இரண்டு நாளில் அடித்துவிடலாம். மீதி நாளெல்லாம் சாமான் நகர்த்துவது, மூடுவது, சுரண்டுவது, பட்டி, எமரித் தாளால் தேய்ப்பது, பெயிண்டுக்கு அடியில் அடிக்கிற பிரைமர், அப்புறம் காய்வதற்காகச் சும்மா இருப்பது. இந்தச் சும்மா இருக்கிற நேரத்தைத்தான் எல்லோரும் குறைக்கப் பார்க்கிறார்கள், அங்கேதான் வேலை கெடுகிறது.

வெள்ளை சிமெண்ட் பட்டி இரண்டு கோட்டு போடுவார்கள். முதல் கோட்டு மூன்று நாலு மணி நேரத்தில் இறுகிவிடும், ஆனால் இரண்டாவது போட்டபின் ஒரு ராத்திரி முழுக்கக் காய விடாமல் எமரி போடக்கூடாது. இரண்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் கனம் ஏறக்கூடாது. பள்ளம் பெரிதாக இருந்தால் பட்டியால் நிரப்பக்கூடாது, சிமெண்ட் பூச்சுதான் போட வேண்டும். தண்ணீரில் கரைக்கிற பிரைமருக்கு நாலிலிருந்து ஆறு மணி நேரம். எமல்ஷன் அரை மணியில் தொட்டால் ஒட்டாது, ஆனால் அடுத்த கோட்டுக்கு நாலு மணி நேரமாவது வேண்டும். கதவுக்கும் கிரில்லுக்கும் அடிக்கிற எண்ணெய் பெயிண்டான எனாமலுக்கு டப்பாவில் எட்டு மணி நேரம் என்றுகூட எழுதியிருப்பார்கள், நடைமுறையில் அடுத்த நாள்தான். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரே ஒரு அறையை மட்டும் அடிக்க எடுத்தாலும் நாலு நாள் ஆகிவிடும், ஏனென்றால் ஒவ்வொன்றும் காய்கிற வரைக்கும் ஆள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். மூன்று அறையை ஒன்றாக எடுத்தால் இங்கே பட்டி காயும்போது அங்கே எமரி, அங்கே தூசி அடங்கும்போது இன்னொன்றில் பிரைமர் என்று சுற்றிக்கொண்டே இருக்கலாம். அதனால் ஓர் அறைக்கு நாலு நாள் என்றால் மூன்று அறைக்குப் பன்னிரண்டு நாள் என்று கணக்கு போடாதீர்கள், ஆறு ஏழு நாளில் முடியும்.

ஆனால் குடியிருக்கிற வீட்டில் மூன்று அறையையும் ஒரே நேரத்தில் எப்படிக் காலி செய்வது? நாங்கள் செய்தது இது: இரண்டு பெட்ரூமையும் முதலில் காலி செய்து சாமான் எல்லாவற்றையும் ஹாலில் நடுவே குவித்து, பழைய வேட்டியும் பிளாஸ்டிக் ஷீட்டும் போட்டு மூடி, நாங்கள் ஹாலிலேயே படுத்துக்கொண்டோம். பெட்ரூம்கள் முடிந்ததும் குவியல் அங்கே போயிற்று, ஹால் காலி. கிச்சன் கடைசி. பீரோவை நகர்த்துவது மட்டுமே அரை நாளைத் தின்றது, துணியை முதல் நாளே மூட்டை கட்டிவைத்திருந்தால்தான் காலையில் பெயிண்டர் வந்ததும் வேலை ஆரம்பிக்கும். இரண்டு பேர் எட்டரை மணிக்கு வந்து நின்றுகொண்டு நீங்கள் ஷெல்ஃபில் இருந்து புத்தகம் எடுத்து முடிக்கும் வரை காத்திருந்தால் கூலி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஃபேன், லைட், சுவிட்ச் பலகை மூடி எல்லாவற்றையும் கழற்ற எலக்ட்ரீஷியனை முதல் நாள் சாயங்காலமே வரச் சொல்லிவிடுங்கள்.

எமரி போடுகிற நாள் மட்டும் அம்மாவையும் பையனையும் வீட்டில் வைக்கவில்லை. கொழிஞ்சாம்பாறையில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பட்டித் தூசி மாவு மாதிரி மிதந்து வரும், கதவை மூடினாலும் கீழ் இடுக்கு வழியாக வந்து கிச்சன் டப்பா மேல் படியும், கதவின் கீழே ஈரத் துணியைச் சுருட்டி வைத்தால் பாதி நிற்கும். பட்டித் தூசியைவிட எனக்கு பயம் கதவு, ஜன்னல், கிரில்லில் இருந்த பழைய எனாமல்தான். நம் நாட்டில் வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று 2016-ல் விதி வந்தது, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எங்கள் கட்டடம் அதற்கு முந்தையது. முன்பு அடித்த எனாமலில் என்ன இருக்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. குழந்தைகளுக்கு ஈயத் தூசி மூளையைப் பாதிக்கும், எவ்வளவு கொஞ்சம் என்றாலும் நல்லதில்லை. அதனால் பழைய கிரில்லை உலர்வாகத் தேய்க்க வேண்டாம், தண்ணீர் தொட்டு எமரி போடுங்கள் என்று பிடிவாதமாகச் சொன்னேன். அவரும் சரி என்றார். அப்படிச் செய்தால் தேய்த்த பொடி குழம்பாக வழியும், காகிதம் விரித்து அதிலேயே வழித்தெடுத்துக் கட்டிப் போட்டுவிடலாம். அரை நாள் கூடுதலாக ஆகும். குழந்தை இருக்கிற வீட்டில் அந்த அரை நாளைப் பேரம் பேசாதீர்கள்.

பட்டி முடிந்த சாயங்காலம் பெயிண்டர் செய்த ஒரு காரியத்தை எல்லோரும் கேட்டுச் செய்ய வைக்க வேண்டும். அறையை இருட்டாக்கிவிட்டு, வயர் நீட்டிய ஒரு பல்பைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தார். பகலில் கண்ணாடி மாதிரி தெரிந்த சுவரில் தகடு இழுத்த கோடு, சின்னச் சின்னக் குழி, ஓரத்தில் மேடு எல்லாம் நிழல் விழுந்து எழும்பி வந்தன. அக்கா மகன் பென்சிலால் ஒவ்வொன்றையும் வட்டம் போட்டுக்கொண்டே போனான். மறுநாள் காலை அந்த வட்டங்களுக்கு மட்டும் பட்டி தொட்டு, காய்ந்தபின் எமரி. பிரைமர் அடித்தபிறகு பார்த்தால் சரிசெய்வது இரட்டிப்பு வேலை, பெயிண்ட் அடித்தபிறகு என்றால் கேட்கவே வேண்டாம்.

இப்போது ஓதத்துக்கு வருகிறேன். பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவரில், பெட்ரூம் பக்கம், முழங்கால் உயரத்துக்கு உப்பு பூத்து பெயிண்ட் கொப்பளித்திருந்தது. வீடு வாங்கிய புதிதில் ஒருவர் வந்து அதன்மேல் பட்டி அப்பி பெயிண்ட் அடித்துக் கொடுத்துப் போனார், அடுத்த மழைக்கே அதே இடம், அதே கொப்புளம். சுவருக்குள் தண்ணீர் வருகிற வழியை அடைக்காமல் மேலே என்ன பூசினாலும் நிற்காது. எங்களுக்கு பாத்ரூம் டைல்ஸ் இடுக்கில்தான் கசிவு, அதைத் தோண்டி எடுத்து மறுபடி அடைத்தோம். இந்தப் பக்கம் கெட்டுப்போன பூச்சை செங்கல் தெரியும்வரை கொத்தனார் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசினார். புதுச் சிமெண்ட் பூச்சுக்கு 28 நாள் கொடுக்க வேண்டும், முதல் ஒரு வாரம் தண்ணீர் தெளித்து ஆற விட வேண்டும், அப்புறம் காய வேண்டும். அதற்கு முன் பெயிண்ட் அடித்தால் சிமெண்டின் காரம் நிறத்தைத் தின்றுவிடும். "வீடு முடிஞ்சுது, இந்த ஒரு செவுத்துக்கு நான் அடுத்த மாசம் வந்துக்கறனுங்க" என்றார் பெயிண்டர். வந்தார். வருவதற்கு முதல் நாள் ஒரு சதுர அடி பிளாஸ்டிக் ஷீட்டை அந்தச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டச் சொல்லியிருந்தார். மறுநாள் எடுத்துப் பார்த்தபோது உள்பக்கம் வேர்த்திருக்கவில்லை, சுவர் கருக்கவில்லை. அப்புறம்தான் டப்பாவைத் திறந்தார். வேர்த்திருந்தால் இன்னும் ஒரு வாரம் தள்ளியிருப்போம். உங்கள் வீட்டில் இப்படி ஒரு சுவர் இருந்தால் அதை முதலில் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து மொத்த வீட்டுக்கும் பெயிண்டரைக் கூப்பிடுவது இன்னும் நல்லது, எங்களுக்கு மழை முடிந்து ஆள் கிடைத்த நேரம் அப்படி அமையவில்லை.

மழை என்றதும் பருவத்தைச் சொல்ல வேண்டும். பாலக்காட்டில் ஒரே வேலைக்கு மாதத்துக்கு மாதம் நாள் கணக்கு மாறும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்றிலேயே ஈரம், பட்டி ஒரு நாளில் காய்கிறது இரண்டு நாள் எடுக்கும், ஆனால் கர்க்கடக மாதத்தில் (நம் ஆடி) பெயிண்டர்கள் சுலபமாகக் கிடைப்பார்கள். ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் ஆளே கிடைக்காது, ஐப்பசிக் கடைசியில் இங்கே நடக்கிற கல்பாத்தித் தேர்த் திருவிழாவுக்கு முன்னாலும் அப்படித்தான். ஐப்பசியில் காலையில் வெயில், மூன்று மணிக்கு மேல் இடி மழை, அதனால் வெளிப்புறமும் பால்கனியும் மதியத்துக்குள் முடிந்தாக வேண்டும். மார்ச், ஏப்ரலில் இங்கே 40 டிகிரியைத் தொடும், அப்போது நேர் எதிர்ப் பிரச்சினை: எமல்ஷன் ரோலர் போகிற வேகத்தைவிட வேகமாகக் காய்ந்து கோடு கோடாகத் தெரியும், பட்டி போடுமுன் சுவரை நன்றாக நனைக்காவிட்டால் பொடியாக உதிரும்.

எனக்குப் பிடித்த மாதங்கள் டிசம்பர் பாதியில் இருந்து பிப்ரவரி வரை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்டுக்கொடுத்த வழியில்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம், கோயமுத்தூர்ப் பக்கம் இருந்து வறண்ட காற்று வாளையாறு வழியாக நேரே வந்து அடிக்கும். சுவர் அருமையாகக் காயும். ஆனால் எனாமலுக்கு இந்தக் காற்று ஆகாது. எங்கள் பால்கனி கிரில்லுக்கு முதல் கோட்டு அடித்துவிட்டு அவர்கள் டீ குடித்து வருவதற்குள், கிழக்குப் பார்த்த கம்பிகளில் மட்டும் தோசைக்கல்லில் ரவை தூவினது மாதிரி மண் ஒட்டியிருந்தது. மேற்குப் பக்கக் கம்பி வழவழவென்று இருந்தது. அதைக் காய விட்டு, லேசாக எமரி தேய்த்து, துடைத்து, அடுத்த நாள் விடிகாலையில் காற்று எழும்புமுன் பால்கனியைச் சுற்றிப் பழைய சேலையை நனைத்துக் கட்டி இரண்டாவது கோட்டு அடித்தார்கள். ஒரு நாள் கூடியது, ஆனால் கிரில்லைக் கையால் தடவிப் பார்த்தால் இன்றைக்கும் ஒரு சொரசொரப்பு கிடையாது.

வாசல் கதவுக்குத் தனியாக ஒரு யோசனை வேண்டும். உள்கதவுகளை ராத்திரி முழுக்கத் திறந்து வைக்கலாம், ஃபிளாட்டின் வாசல் கதவைத் திறந்துபோட்டுத் தூங்க முடியாது. அதனால் எந்த நாளாக இருந்தாலும் காலையில் முதல் வேலையாக வாசல் கதவை அடிக்கச் சொல்லுங்கள். ராத்திரிக்குள் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்துவிடும், நிலையும் கதவும் சேர்கிற இடத்தில் நீளவாக்கில் பாலிதீன் நறுக்கி வைத்து மூடினால் காலையில் பிய்த்துக்கொண்டு வராது.

கிச்சன் சின்ன அறைதானே என்று கடைசி நாளில் தள்ளிவிடுகிறோம், ஆனால் அடுப்புக்கு மேல் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்வரை எந்தப் பெயிண்டும் பிடிக்காது. சலவை சோடா கலந்த வெந்நீரால் கழுவி, நல்ல தண்ணீரால் அலசி, காய விடுவதற்கே ஒரு பொழுது. அன்றைக்குச் சமையல் கிடையாது, சாப்பாட்டுக்கு முன்கூட்டியே வழி பண்ணிவிடுங்கள்.

கலர் தேர்வையும் நாள் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். கடைச் சீட்டில் பார்த்த கிரீம் நிறம் எங்கள் ஹாலில் டியூப்லைட் வெளிச்சத்தில் பச்சையாக அடித்தது. சின்ன டப்பா வாங்கி, சுவரில் ஒரு முழத்துக்கு ஒரு முழம் இரண்டு கோட்டு அடித்து, காலையிலும் ராத்திரியிலும் பார்த்து முடிவு செய்யுங்கள், அதுவும் பெயிண்டர் வருவதற்கு முந்தைய வாரமே. முடிவு செய்த நிறத்தை மொத்தத் தேவைக்கும் ஒரே தடவையில் கலந்து வாங்குங்கள். மெஷினில் கலந்தாலும் இன்றைக்குக் கலந்ததும் அடுத்த மாதம் கலந்ததும் ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் கண்டுபிடித்துவிடலாம். எங்கள் ஓதச் சுவருக்கு வேண்டியதை அப்படித்தான் முதலிலேயே வாங்கி மூடி வைத்திருந்தோம், டப்பா மூடியில் நிறத்தின் நம்பரும் தேதியும் மார்க்கரால் எழுதி.

கூலி விஷயத்தில் என் அபிப்பிராயம்: சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசினால் வேகம் கூடும், காய விடுகிற நேரம் குறையும். நாள் கூலி என்றால் வேலை இழுக்கும். நாங்கள் சதுர அடிக்குத்தான் பேசினோம், ஆனால் பணத்தை நிலை நிலையாகப் பிரித்தோம், பட்டி போட்டு எமரி முடிந்து பல்பு வெளிச்சத்தில் பார்த்தபின் ஒரு பங்கு, பிரைமரும் முதல் கோட்டும் முடிந்தபின் ஒரு பங்கு, விட்டுப்போன இடங்களுக்கு டச்சப் முடிந்தபின் மீதி. ஒரே நாளில் பிரைமரும் இரண்டு கோட்டும் அடிக்கக்கூடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டோம். நல்ல பெயிண்டர் இதற்குக் கோபப்படமாட்டார். "செவுரு ஒணங்கட்டும் டீச்சரே, நாம என்ன ஓடியா போறோம்" என்றுதான் எங்களவர் சொன்னார். எமல்ஷனில் தண்ணீர் கலக்கும்போது மட்டும் பக்கத்தில் நில்லுங்கள், டப்பாவில் எழுதியிருக்கிற அளவுக்கு மேல் போனால் இரண்டு கோட்டில் மூடாது, மூன்றாவது கோட்டு, இன்னொரு நாள்.

முடிந்த மறுநாள் சாமானை உள்ளே கொண்டுவரலாம், ஆனால் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். எமல்ஷன் முழுதாக இறுக மூன்று நாலு வாரம் ஆகும், அதுவரை ஈரத் துணியால் துடைக்கவோ டேப் ஒட்டவோ வேண்டாம்.

வீட்டில் விசேஷம் வைத்திருக்கிறீர்கள், எப்போது ஆரம்பிக்கலாம் என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: விசேஷத் தேதியில் இருந்து பின்னால் எண்ணுங்கள். வாடை போகவும் வீடு துடைக்கவும் ஐந்து நாள், வேலைக்குப் பத்து நாள், மழைக்கும் பெயிண்டர் வராத நாளுக்கும் மூன்று நாலு நாள். ஓதச் சுவர் இருந்தால் அதற்கும் ஒரு மாதம் முன்னால் கொத்தனார்.